சித்தி சொல்லிக்கொடுத்த பதினொரு பேருக்கு

“கிளவுஸ் போட்டுக்கிட்டுத்தானேடீ எல்லாத்தையும் தொடறேன்? அப்புறம் எப்படி எனக்கு இப்படி ஆகுது?”

சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, இரண்டு கைகளையும் தண்ணீருக்கு அடியில் நீட்டியபடி சித்தி என்னிடம் கேட்டாள். உயிரியல் பாடத்தில் தோலின் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, ஐந்துக்கு ஐந்து வாங்கியவள் நான். மேல்தோல், கீழ்த்தோல், வியர்வைச் சுரப்பி எல்லாம் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தில் அரிப்பு இல்லை.

சித்தி என் அம்மாவின் தங்கை. நான் பிறந்ததிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், “ஒரு நாளைக்குப் பத்துத் தலையைக் கட்டிக்கிட்டு அழறேன். இதுல ஒருத்தனை வேற கட்டணுமா?” என்பாள். கேட்டவர் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

பன்னிரண்டு வருடமாக ஒரே அழகு நிலையத்தில் வேலை. செருப்புக் கடைக்கு மேலே, மாடியில் இருக்கிறது. படியேறும்போது புதுத் தோல் வாசனை வரும், கதவைத் திறந்தால் ஷாம்பூ வாசனை. உள்ளே மூன்று நாற்காலி, மூன்று கண்ணாடி, தலை கழுவ ஒரு பீங்கான் தொட்டி. சன்னலோர நாற்காலி சித்தியுடையது. அவளுக்கு வெளிச்சம் வேண்டும், ஏனென்றால் அவளுடைய கைவரிசை முடிக்கு நிறம் ஏற்றுவதில்தான். கருப்பு என்று நாம் சொல்வதில் ஆறு கருப்பு இருக்கிறது என்பாள். ஒருவரின் புருவத்தையும் கழுத்தையும் பார்த்துவிட்டுக் கிண்ணத்தில் இரண்டு சாயக் குழாயைப் பிதுக்கிக் கலக்குவாள். தராசும் இல்லை, கரண்டியும் இல்லை, கண்தான் கணக்கு. முடித்ததும், “கண்ணாடியில பாக்காதீங்க, சன்னல்கிட்ட வந்து பாருங்க” என்று கூப்பிடுவாள். வந்து பார்த்தவர்கள் வேறு கடைக்குப் போனதில்லை.

இனி நான் சொல்லப்போவதை நான் நூறு தடவையாவது பார்த்திருக்கிறேன். அப்போது அதில் ஒன்றும் தோன்றியதில்லை.

கடைக்கு மாதம் ஒரு பெட்டி கையுறைதான் வரும். மெல்லிய ரப்பர், ஊசி பட்டால் கிழியும். அந்தப் பெட்டியை மாதக் கடைசிவரை ஓட்டுவதற்குச் சித்தி ஒரு வழி வைத்திருந்தாள். சாயம் பூசி முடித்ததும் கையுறையோடு சேர்த்துக் கையைக் கழுவுவாள். பிறகு மணிக்கட்டுப் பக்கம் பிடித்து உரிப்பாள். சட்டையைத் தலைக்கு மேலே இழுத்துக் கழற்றும்போது உள்பக்கம் வெளியே வருமே, அப்படி வந்துவிடும். அதை அப்படியே கிளிப்பில் மாட்டி, சன்னல் கம்பியில் காயப்போடுவாள். காய்ந்ததும் கொஞ்சம் பவுடர். திரும்பவும் பழைய பக்கத்துக்கு மாற்ற மாட்டாள். மாற்றினால் விரல் நுனி ஒட்டிக் கிழிந்துவிடும். ஆகவே அடுத்த தலைக்கு இந்தப் பக்கம், அதற்கடுத்த தலைக்கு அந்தப் பக்கம். ஒரு ஜோடி ஒரு வாரம் தாங்கும்.

“சிக்கனம்னா இதுதான், கத்துக்க” என்று புதிதாகச் சேரும் பெண்களிடம் முதல் நாளே செய்து காட்டுவாள். பன்னிரண்டு வருடத்தில் அவளிடம் தொழில் பழகிப் போனவர்கள் பதினொரு பேர். கடைசியாக வந்தவள் சுருட்டை. தலை நிறையச் சுருள் முடி, அதனால் அந்தப் பெயர். அவள் மட்டும் வேறெங்கும் போகாமல் நான்கு வருடமாகச் சித்தியின் பக்கத்து நாற்காலியிலேயே நின்றுவிட்டாள்.

அரிப்பு முதலில் வலது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவில்தான் வந்தது. கடுகு கடுகாக நீர்க்கொப்புளம். சொறிந்தால் உடையும், உடைந்தால் எரியும். ஒரு மாதத்தில் இடது கைக்கும் வந்தது. அப்புறம் விரல் மடிப்புகளில் வெடிப்பு விட்டது. வெங்காயம் நறுக்கினால் சித்தி பல்லைக் கடிப்பாள். சட்டைப் பொத்தான் போட என்னைக் கூப்பிடுவாள்.

வீட்டில் ஆளாளுக்கு டாக்டர் ஆனோம். அம்மா முதலில் உப்புத் தண்ணீர் வைத்தாள். சித்தி கையை முக்கிவிட்டுப் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அடுத்து, சாப்பாட்டில்தான் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா முடிவு கட்டினாள். மீன் நின்றது, முட்டை நின்றது, கத்தரிக்காய் நின்றது, தக்காளி நின்றது, பிறகு பாலும் நின்றது. ஒவ்வொன்றும் நிற்கும்போது இரண்டு நாள் நம்பிக்கையாக இருக்கும்.

“அக்கா, இன்னும் என்ன மிச்சம்? காத்து இருக்கு. அதையும் நிறுத்திடவா?” என்று சித்தி கேட்பாள்.

“வாயைக் குறைடீ முதல்ல. ஒடம்புக்கு நல்லதுன்னுதானே சொல்றேன்.”

“வாய்ல வரலியே, கையிலதானே வந்திருக்கு!”

சிரிப்போம். ஆனால் சித்தியின் சட்டைகள் தோளில் தொங்க ஆரம்பித்துவிட்டன.

முக்குக் கடை மருந்துக்காரர் ஒரு சின்னக் குழாய்க் களிம்பு கொடுத்தார். “மூணே நாள், கை கண்ணாடி மாதிரி ஆயிடும்” என்றார். ஆனது. நாங்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. பத்தாவது நாள் பழையபடி வந்தது. மறுபடி ஒரு குழாய். மறுபடி மூன்று நாள் நிம்மதி. பிறகு அந்த நிம்மதி இரண்டு நாளாகி, ஒரு நாளாகிப் போனது. எட்டு மாதத்தில் எத்தனை குழாய் என்று எண்ணவில்லை, ஆனால் அவள் கைத்தோல் வெங்காயச் சருகு போலாகி, நரம்பெல்லாம் நீலமாகத் தெரிந்தது. ஒரு காலையில் எழுந்தபோது வலது இமை வீங்கிக் கண்ணே திறக்கவில்லை. சித்தி கண்ணாடி முன்னால் நின்று ஒற்றைக் கண்ணால் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் ஜோக் எதுவும் சொல்லவில்லை.

இது வெறும் கையரிப்பாக மட்டும் இருந்திருந்தால் இன்னும் எத்தனை குழாய் வாங்கியிருப்போமோ தெரியாது. ஆனால் அந்தச் சமயத்தில்தான் கடையின் முதலாளியம்மா வெளிநாட்டிலிருக்கும் மகளோடு போய் இருக்க முடிவு செய்தார். கடையை மூட அவருக்கு மனம் இல்லை. “நீயே நடத்து. சாவியை உன் கையிலதான் குடுக்கப்போறேன்” என்று சித்தியிடம் சொல்லியிருந்தார். பன்னிரண்டு வருடமாகச் சித்தி வாய்விட்டுக் கேட்காத, ஆனால் காத்திருந்த சாவி அது. சன்னல் கண்ணாடியை எந்தப் பக்கம் பெரிதாக்கலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க நான் கடைக்குப் போயிருந்தேன். வங்கியில் வேலை பார்க்கும் பழைய வாடிக்கையாளர் ஒருவர் தொட்டியில் தலையைச் சாய்த்துப் படுத்திருந்தார். சித்தி தண்ணீரை விரலில் விட்டுச் சூடு பார்த்தாள்.

“கையில என்னம்மா இது?”

“ஒண்ணுமில்லீங்க. லேசா வெடிப்பு.”

“ஒட்டுமா?”

“ஒட்டாதுங்க.”

அவர் உத்திரத்தைப் பார்த்தபடி சொன்னார். “தப்பா எடுத்துக்காதே. இன்னிக்கு மட்டும் அந்தப் பொண்ணு கழுவட்டுமே.”

சுருட்டை வந்து கழுவினாள். சித்தி துண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். கொண்டுபோன சாப்பாட்டைத் தொடவில்லை. சாயங்காலம் முதலாளியம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டார். “எங்கிட்ட இன்னும் ரெண்டு பேரு ஃபோன்ல கேட்டுட்டாங்க. நான் கிளம்ப ஆறு வாரம் இருக்கு. அதுக்குள்ள கையைச் சரி பண்ணு. உன் கையைப் பாத்து ஜனங்க பயந்தா நான் என்னடி பண்றது?” என்றாராம். கோபமாகக் கூடச் சொல்லவில்லையாம். “கோவமா சொல்லியிருந்தா பதிலுக்கு ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன்” என்றாள் சித்தி.

மறுநாள் காலை பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குப் போனோம். அம்மாவுக்கு வேலை, அதனால் நான் கூடப் போனேன். பள்ளி முடித்ததிலிருந்து என் காலுக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியவில்லை. அடுத்து என்ன படிக்கிறாய், என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கிறவர்களிடமிருந்து தப்பித்தால் போதும் என்று கிளம்பிவிட்டேன்.

டோக்கன் ஐம்பத்தி மூன்று. பெஞ்சில் சித்திக்கு ஒரு பக்கம் கொத்தனார், இன்னொரு பக்கம் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவும் அம்மா. மூன்று பேரும் மடியில் கையை மல்லாத்தி வைத்திருந்தார்கள், கைரேகை பார்க்கக் காத்திருப்பவர்கள் மாதிரி.

“நமக்கு சிமெண்டு” என்றார் கொத்தனார், தன்னை அறிமுகம் செய்துகொள்வது போல.

“எனக்கு சோப்புத் தண்ணி” என்றார் அந்த அம்மா. “உனக்கு என்னம்மா?”

“தெரியல. நான் முடி வெட்டுறவ.”

“முடியிலயும் வியாதி வருமா?” என்று கொத்தனார் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். “அப்ப நான் தப்பிச்சேன்.”

ரொம்ப நாளைக்குப் பிறகு சித்தி சத்தமாகச் சிரித்தாள்.

டாக்டர் ஒரு அம்மா. தடித்த கண்ணாடி, குரல் மட்டும் மெல்லிசு. சித்தியின் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, முதல் கேள்வியாக, “என்ன வேலை பாக்கறீங்க?” என்றார். எட்டு மாதமாக என்ன சாப்பிட்டாய் என்று கேட்ட எங்கள் யாருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை. களிம்புக் குழாயைக் காட்டியதும் அவர் முகம் மாறியது.

“இதை யாரு எழுதிக் குடுத்தா?”

“எழுதல மேடம். கடையில குடுத்தாங்க.”

“எட்டு மாசமா?”

சித்தி தலையைக் குனிந்தாள். டாக்டர் திட்டவில்லை. இது அரிப்பைக் கொஞ்ச நாளைக்கு அமுக்கி வைக்கும், காரணத்தைத் தொடாது, கேட்பாரில்லாமல் மாதக்கணக்கில் பூசினால் தோலையே மெலிய வைத்துவிடும் என்று சொன்னார். சோப்பு வேண்டாம், வெந்நீர் வேண்டாம், கழுவியதும் ஈரம் போவதற்குள் வாசனையில்லாத ஒரு களிம்பைத் தடவ வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதோடு, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முதுகில் ஒரு சோதனை செய்ய வேண்டும், வேலையில் கைபடும் பொருள் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள் என்றார்.

பழைய குழாயை நிறுத்தியதும் கை சாந்தமாகும் என்று நினைத்தோம். நேர்மாறாக நடந்தது. இரண்டு கையும் சிவந்து, வீங்கி, நீர் வடிந்தது. டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார், நாங்கள்தான் நம்பவில்லை. சித்தி இரண்டு வாரம் விடுப்பு எடுத்தாள். அம்மா சோறு பிசைந்து ஊட்டினாள். “என்னைக் குழந்தையாக்கிட்டீங்களே” என்று சொல்லிச் சொல்லியே வாயைத் திறந்தாள். ஆறு வாரத்தில் மூன்று வாரம் ஓடிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை முதுகில் சோதனை வைத்தார்கள். சின்னச் சின்னக் கிண்ணம் போன்ற வட்டங்களில் ஒவ்வொரு பொருளையும் கொஞ்சம் வைத்து, பிளாஸ்திரி போட்டு ஒட்டி, பக்கத்தில் பேனாவால் எண் எழுதினார்கள். முதுகு கணக்கு நோட்டு மாதிரி ஆகிவிட்டது. நனைக்கக் கூடாது, வேர்க்கக் கூடாது, சொறியக் கூடாது. வெயில் கொளுத்திய நாட்கள் அவை. சித்தி விசிறிக்கு முதுகைக் காட்டியபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். புதன்கிழமை பிளாஸ்திரியை எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை முடிவு படித்தார்கள்.

மற்ற வட்டங்கள் எல்லாம் மறைந்திருந்தன. ஒன்று மட்டும் தக்காளித் துண்டு போலச் சிவந்து மேடாக நின்றது. தலைமுடிச் சாயத்தில் கருப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் ஒரு பொருள். நீளமான பெயர். டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, “சுருக்கமா பிபிடின்னு போட்டிருப்பாங்க, பெட்டியில பாருங்க, அது இருந்தா தொடாதீங்க” என்றார்.

“சாயமா? ஆனா நான் அதைக் கையால தொடறதே இல்லையே மேடம்!” சித்தி கிட்டத்தட்டச் சண்டைக்குப் போனாள். “கிளவுஸ் இல்லாம பிரஷ்ஷைக் கூட எடுக்க மாட்டேன். யாரை வேணா கேளுங்க. இவளைக் கேளுங்க.”

நான் தலையாட்டினேன். சத்தியமாக உண்மை.

“எங்க, போட்டுக் காட்டுங்க” என்றார் டாக்டர்.

சித்தி பையிலிருந்து ஒரு ஜோடியை எடுத்தாள். கிளிப் கடித்த தடம் அதில் இருந்தது. தான் எவ்வளவு கவனமானவள் என்று காட்டத்தான் அதையும் கொண்டுவந்திருந்தாள். வாயால் ஊதி விரல்களைப் பிரித்து, புண்பட்ட கையை மெதுவாக உள்ளே விட்டாள். டாக்டர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“கழட்டுங்க.”

வழக்கம் போல உரித்தாள். உள்பக்கம் வெளியே வந்தது.

“இப்ப வெளிய தெரியுதே, இதுதானே உங்க தோல்ல பட்டுக்கிட்டு இருந்த பக்கம்?”

“ஆமா.”

டாக்டர் ஒரு வெள்ளைப் பஞ்சை நனைத்து அந்த விரல் நுனியை அழுத்தித் துடைத்தார். பஞ்சில் தேநீர்க் கறை போலப் பழுப்பு ஏறியது. பஞ்சை மேசை மேல் சித்திக்கு நேராக வைத்தார்.

எனக்குச் சன்னல் கம்பியும் கிளிப்பும் கண்முன் வந்தன. ஒரு தலைக்கு இந்தப் பக்கம், ஒரு தலைக்கு அந்தப் பக்கம். குழாய்த் தண்ணீரில் கழுவினால் கண்ணுக்குத் தெரிகிற சாயம்தான் போகும் போலிருக்கிறது.

“நேத்து வெளிப்பக்கம் இருந்தது இன்னிக்கு உள்பக்கம். ஒவ்வொரு தடவையும் சாயத்தை உள்ள வெச்சு, மேல ரப்பரை மூடி, வேர்க்கவும் விட்டிருக்கீங்க” என்றார் டாக்டர். “சும்மா தொட்டிருந்தாக்கூட உடனே கழுவியிருப்பீங்க.”

“இனிமே புதுசு போட்டுக்கறேன் மேடம். ஒரு தலைக்கு ஒரு ஜோடி. கெட்டியானது. அப்ப பண்ணலாமில்ல?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கை ஆறிடும். அதுக்கு நான் பொறுப்பு. ஆனா ஒடம்பு இதை ஒரு தடவை எதிரின்னு முடிவு பண்ணிட்டா, மறக்காது. கொஞ்சம் பட்டாலும் மறுபடி வரும், இன்னும் மோசமா வரும். வெட்டுங்க, சீவுங்க, ஒண்ணும் ஆகாது. சாயத்தை விட்டுடுங்கம்மா. உங்க தலைக்கும் வேண்டாம்.”

வெளியே வந்து ஆஸ்பத்திரிச் சிற்றுண்டிக் கடையில் உட்கார்ந்தோம். சித்தி இரண்டு அவித்த முட்டை வாங்கினாள். “எட்டு மாசம்டீ” என்றாள். “இது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துது, இது மேல போட்டோம் பழியை.” முதல் முட்டையைச் சிரித்துக்கொண்டே தின்றாள். இரண்டாவது பாதியில் நின்றுவிட்டது. வாயில் முட்டையோடு அழுபவர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

டாக்டர் புதிதாக எழுதிக்கொடுத்த மருந்துக் களிம்பைச் சொன்ன அளவில், சொன்ன நாள் வரைக்கும் மட்டும் பூசினாள். படுக்கும்போது கை நிறைய அந்த வாசனையில்லாத களிம்பு, அதன்மேல் பருத்தி உறை. பத்து நாளில் வெடிப்பு மூடியது. நல்ல தூக்கம் வந்தது. ஒரு காலை தானே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்து, “பாரு” என்று என் முன்னால் நின்றாள். ஐந்து பொத்தான். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

சொன்ன தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது முதலாளியம்மாவிடம் போய்க் கையைக் காட்டியிருக்கிறாள். திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“என்னடீ சொன்னாங்க?” என்றாள் அம்மா.

“கையைப் பாத்து சந்தோஷப்பட்டாங்க. சாக்லேட் குடுத்தாங்க.”

“சாவி?”

“கலர் பண்ண மாட்டேன்னு சொன்னேன். மறைக்க மனசு வரல. ‘இங்க வர்ற பத்துல ஏழு பேரு கலருக்குத்தான் வர்றாங்க, அதைப் பண்ணாதவ கையில கடையை எப்படிடி குடுக்கறது’ன்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“நியாயம்தான்னு சொன்னேன்.” செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, “சுருட்டைகிட்ட குடுக்கறாங்க” என்றாள். “நல்லா பண்ணுவா. நான்தானே சொல்லிக்குடுத்தேன்.”

ஆக, சித்தியின் கை திரும்பக் கிடைத்தது, அது செய்துகொண்டிருந்த வேலை கிடைக்கவில்லை. இப்போதும் சன்னலோர நாற்காலியில்தான் முடி வெட்டுகிறாள். ஆனால் யாராவது சன்னலுக்கு வந்து நிறத்தைப் பார்க்கும்போது சித்தி வேறு பக்கம் பார்ப்பாள். “அந்தக் கலர்ல கொஞ்சம் செம்பு தூக்கலா இருக்கு” என்று வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்வாள். கடையில் சொல்ல மாட்டாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். சித்தியும் எழுத விட்டிருக்க மாட்டாள்.

சாவி கைமாறி மூன்று வாரம் இருக்கும். முடி வெட்டிக்கொள்ள நான் சித்தியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் வெட்டி முடித்து மறுபக்கம் சீப்பை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பின்னால் சுருட்டை கையுறையைக் கழுவி, உரித்து, கிளிப்பில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன பண்றே?”

“காயப்போடறேன்க்கா.”

“நான்தான் அதை விடச் சொன்னேனே! பஞ்சு கதையை உங்கிட்டதானே முதல்ல சொன்னேன்?”

“சொன்னீங்க. ஆனா அது உங்க ஒடம்புக்குத்தான் ஒத்துக்கலக்கா. எனக்குத்தான் ஒண்ணும் வரலியே. பெட்டி மாசக் கடைசி வரைக்கும் வரணும்னு நீங்கதானே அடிச்சு அடிச்சு சொல்லிக்குடுத்தீங்க?”

“கையைக் காட்டு.”

“எதுக்கு?”

“காட்டுன்னா காட்டு.”

சுருட்டை இரண்டு கையையும் ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டாள். சித்தி கத்தரிக்கோலை என் மடியில் வைத்துவிட்டுப் போய், அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரல்களைப் பிரித்தாள். நானும் எழுந்துபோய்ப் பார்த்தேன். நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே, கடுகு கடுகாக.

“எத்தனை நாளா?”

சுருட்டை கையை உருவப் பார்த்தாள்.

“ஏய் சுருட்டை. எத்தனை நாளா?”

“சாவி வாங்கறதுக்கு முன்னாடியிலேருந்து.” அவள் குரல் இறங்கிவிட்டது. “சொன்னா உங்களுக்கு ஆன மாதிரிதானேக்கா எனக்கும் ஆகும். எனக்கும் கிடைக்காம போயிருக்கும்.”

சித்தி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சன்னல் கம்பியில் தொங்கியவற்றை ஒவ்வொன்றாகக் கிளிப்போடு பிடுங்கிக் குப்பையில் போட்டாள். ஏழு ஜோடி. பிறகு குப்பைக் கூடையைப் பார்த்தபடி, “இது நான் போட்ட விதைடீ” என்றாள். “உன் மேல என்ன கோவிக்கறது?”

அன்றைக்கு என் தலை ஒரு பக்கம் காதோரமும் ஒரு பக்கம் தோளிலுமாக வீடு வந்து சேர்ந்தது. அம்மா இதுதான் புது நாகரிகமா என்று கேட்டாள்.

மறுநாள் சித்தியே சுருட்டையை அந்த டாக்டரிடம் அழைத்துப் போனாள். சோதனையில் அவளுக்கு எதுவும் சிவக்கவில்லை. இது ஈரத்தாலும் சோப்பாலும் வந்த எரிச்சல், இன்னும் ஒவ்வாமை ஆகவில்லை, ஆனால் இப்படியே விட்டிருந்தால் ஆகியிருக்கலாம் என்றார் டாக்டர். இப்போது அந்தக் கடையில் ஒரு தலைக்கு ஒரு ஜோடி, நீல நிறத்தில் வரும் கெட்டியான நைட்ரைல் வகை. கழற்றியதும் நேரே குப்பைக்கு. சுருட்டையின் விரல்கள் ஆறிவிட்டன. அவளுக்கு நேரம் இருந்தது. சித்திக்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அன்றிலிருந்து சித்திக்கு வேறு ஒரு அரிப்பு. பதினொரு பேர். ஒருத்தி சுருட்டை. நான்கு பேரின் எண் கிடைத்து, பேசிவிட்டாள். அதில் இரண்டு பேருக்கு ஏற்கெனவே கை வெடித்திருக்கிறது. ஒருத்தி தொழிலையே விட்டுவிட்டாளாம், சாப்பாட்டு ஒவ்வாமை என்று இன்னும் பத்தியம் இருக்கிறாளாம். மீதி ஆறு பேர் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. கடையில் பட்டப்பெயர்தான் புழக்கம் என்பதால், சித்தி சொல்வதெல்லாம் இப்படித்தான் இருக்கிறது: ஷாம்பூ மூடியைத் திறந்தாலே தும்முகிற ‘தும்மல்’. எப்போதும் கடைசியாக வந்து முதலில் கிளம்புகிற ‘லேட்டு’. ஒட்டடைக் குச்சி இல்லாமலே உத்திரத்தைத் துடைக்கிற உயரமானவள். தாடையில் மச்சம் உள்ளவள். இடது கையால் வெட்டுகிறவள். ஆறாவது ஒருத்தி பதினைந்து நாள்தான் இருந்தாள், முகம்கூட நினைவில்லை. “ஆனா முதல் நாளே சொல்லிக்குடுத்திருப்பேன்” என்கிறாள் சித்தி. “அதைத்தானே முதல் நாளே சொல்லிக்குடுப்பேன்.” அவர்களும் யாருக்காவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அடுத்த முறை நீங்கள் முடி வெட்டவோ சாயம் ஏற்றவோ போகும்போது, உங்கள் தலையைத் தொடும் கையை ஒரு தடவை பாருங்கள். வெடிப்பு இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள், அது உங்கள்மேல் ஒட்டாது. “கிளவுஸை எப்படிக் காயப்போடறீங்க?” என்று மட்டும் கேளுங்கள். பிறகு இந்தக் கதையைச் சொல்லுங்கள். உங்களுக்கு அப்படி யாரையும் தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரிடம் இதைக் கொடுங்கள். கை மாறிக் கை மாறி ஆறு பேரில் ஒருத்தியிடமாவது போய்ச் சேரட்டும். அதுவரைக்கும் சித்தி, தெருவில் எந்த அழகு நிலையத்தைக் கடந்தாலும், உள்ளே சன்னல் கம்பியை எட்டிப் பார்த்துக்கொண்டுதான் நடப்பாள்.